செத்த கம்பெனி, சாகாத பெட்டி

"கம்பெனியே திவாலாயிடுச்சு, அவன் பண்ணின பெட்டியை இப்பப் போய் காசு கொடுத்து வாங்குறியே, உனக்கென்ன கிறுக்கா?"

சமீபத்தில் நான் வாங்கின செகண்ட்ஹேண்ட் டிஜே கன்ட்ரோலரைப் பார்த்துட்டு நண்பர்கள் கேட்ட கேள்வி இது. பெட்டியின் பெயர் வெஸ்டாக்ஸ் விசிஐ-100. சந்தைக்கு வந்தது 2007ல். இதைத் தயாரித்த ஜப்பான் கம்பெனி 2014ல் திவாலாகிப் போச்சு. நான் கொடுத்த விலை 5,500 ரூபாய். நான் ஒண்ணும் பெரிய டிஜே கிடையாதுங்க. அபார்ட்மென்ட் நியூ இயர், ஆபீஸ் ஆண்டு விழா, நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஆட்டம், இவ்வளவுதான் நம்ம எல்லை. அம்பது அறுபது பேர் ஆடுவாங்க. பைக்கில் போய் பைக்கிலேயே திரும்பணும். கிடைக்கிற காசு பெட்ரோலுக்கும் பரோட்டாவுக்கும் சரியா இருக்கும் :-)

அதனால "ஏன் இதை வாங்கினே"ங்கிற கேள்வி எனக்கு விளையாட்டு இல்லை. பதில் சொல்லணும்னா கொஞ்சம் வரலாறு பேசியாகணும்.

நம்ம ஊர் மைக்செட் அண்ணனை நினைச்சுக்கோங்க. குழாய் ஸ்பீக்கர், ஒரே ஒரு பிளேயர். ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த தட்டு மாத்துற வரைக்கும் ஊரே அமைதியா இருக்கும். டிஜேவின் வேலையே அந்த அமைதியை ஒழிப்பதுதான். அவரிடம் ரெண்டு பிளேயர். ஒண்ணு ஓடும்போதே அடுத்ததை ஹெட்ஃபோனில் கேட்டு, ரெண்டின் வேகத்தையும் ஒண்ணாக்கி, தாளம் தட்டாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவணும். 1960களின் கடைசியில் நியூயார்க் கிளப்புகளில் ஃபிரான்சிஸ் கிராஸோ இதை ஒரு கலையாகவே ஆக்கிட்டார்.

அதுக்கு வாகான கருவி ஜப்பானிலிருந்து வந்தது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, வருஷம் 1972. வீட்டில் பாட்டு கேட்கிறவங்களுக்காகச் செய்ததைத்தான் டிஜேக்கள் எடுத்துக்கிட்டாங்க. 1979ல் வந்த எம்கே2 மாடலில், பாட்டின் வேகத்தை எட்டு சதவீதம் ஏற்றவோ இறக்கவோ ஒரு நீளமான ஸ்லைடர் வெச்சாங்க. அப்புறம் பல வருஷம் கிளப்புன்னா அதுதான். ஒரே ஒரு குறை, எடை. ஒண்ணே சுமார் 11 கிலோ. ரெண்டு பிளேயர், நடுவில் மிக்ஸர், பெட்டி பெட்டியா இசைத்தட்டுகள்... சின்ன நிகழ்ச்சிக்குக் கூட குட்டியானை வண்டி பிடிக்கணும். 2001ல் பயனியர் கொண்டுவந்த சிடிஜே-1000 சிடியையும் தட்டு மாதிரியே கையால் சுழற்ற வைத்தது. ஆனால் எடையும் விலையும் நம்ம மாதிரி ஆட்களுக்கு எட்டாத உயரம்தான்.

அடுத்து கம்ப்யூட்டர் உள்ளே வந்தது. ஃபைனல் ஸ்கிராட்ச், அப்புறம் 2004ல் செராட்டோ ஸ்கிராட்ச் லைவ். இதில் பாட்டு கம்ப்யூட்டரில் இருக்கும். தட்டில் இருப்பது வெறும் குறிப்பொலி. தட்டை அசைத்தால் கம்ப்யூட்டர் பாட்டு அசையும். அருமையான யோசனை. ஆனா பாருங்க, இசைத்தட்டுப் பெட்டிதான் ஒழிஞ்சது, அந்த ரெண்டு 11 கிலோவையும் இன்னமும் தூக்கியாகணும்!

தட்டே வேண்டாம், கைக்குப் பட்டன்களும் ஒரு சக்கரமும் போதும்னு வந்ததுதான் கன்ட்ரோலர். அதுக்கு அடித்தளம் 1983லேயே போட்டாச்சு. டேவ் ஸ்மித் என்ற அமெரிக்கரும் இகுதாரோ காகேஹாஷி என்ற ஜப்பானியரும் முன்னின்று கொண்டுவந்த மிடி. இது ஒலி கிடையாது. "இந்த நம்பர் பட்டன் அமுங்கியது", "அந்த நம்பர் திருகு இவ்வளவு திரும்பியது" என்று சொல்லும் சின்னச் செய்தி. தபால் கார்டு மாதிரின்னு வெச்சுக்கலாம். உறை கிடையாது, யார் வேணும்னாலும் படிக்கலாம். போட்டிக் கம்பெனிகள் ஒண்ணா உட்கார்ந்து பொதுவில் வைத்த மொழி. முப்பது வருஷம் கழிச்சு, 2013ல், இதுக்காக ரெண்டு பேருக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

2003ல் ஹெர்குலிஸ் டிஜே கன்சோல் வந்தது. ரெண்டு சக்கரம், நடுவில் மிக்ஸர், எல்லாம் ஒரே பெட்டியில். தட்டு சுத்துற ஆட்கள் "பொம்மை"ன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பை அடக்கிய பெட்டிகளில் முக்கியமானது விசிஐ-100. ஸ்கிராட்ச் பண்ணும் டிஜேக்களிடம் மிக்ஸர்களால் பெயர் வாங்கியிருந்த வெஸ்டாக்ஸ் செய்தது. உலோக உடம்பு, விரல் பட்டாலே உணரும் சக்கரம், யூஎஸ்பி மின்சாரமே போதும், லேப்டாப் பையிலேயே அடங்கிடும். சிலர் இதைப் பிரிச்சு, பட்டன்களைப் பிடுங்கி, வீடியோ கேம் கடைகளில் இருக்குமே அந்த ஆர்கேட் பட்டன்களைப் பொருத்தி தாளம் தட்டினாங்க. ஒரு கருவியை ஆளுங்க திறந்து நோண்ட ஆரம்பிச்சாங்கன்னா அதை நேசிக்கிறாங்கன்னு அர்த்தம்.

இதுக்கப்புறம்தான் ரூட் மாறுது. 2008ல் இதே வெஸ்டாக்ஸின் விசிஐ-300, செராட்டோவின் ஐட்ச் மென்பொருளோடு ஜோடியாக வந்தது. 2010ல் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், டிராக்டர் மென்பொருளும் தன்னுடையது, எஸ்4 பெட்டியும் தன்னுடையது என்று இறங்கியது. பெட்டியும் மென்பொருளும் ஜாதகம் பார்த்து முடிச்ச கல்யாணம். சொருகினால் ஓடும், சவுண்ட் கார்டும் உள்ளேயே. சௌகரியம்தான், மறுக்கலை. ஆனா ஜோடியில் ஒருத்தர் போனால் இன்னொருத்தர் கதி? ஐட்ச் போய் 2012ல் செராட்டோ டிஜே வந்தது. 2019ல் ஆப்பிள் தன் கேட்டலினா பதிப்பில் 32-பிட் மென்பொருள்களை ஓட விடாமல் நிறுத்தியது. பெட்டியில் ஒரு திருகு கூடக் கெட்டிருக்காது, ஆனாலும் அதன் பழைய மென்பொருள் புது கம்ப்யூட்டரில் திறக்காது.

நான் சொல்ல வந்தது இதுதான். டிஜே பெட்டி சாவது ஃபேக்டரி மூடும் நாளில் இல்லை. அது பேசுவதைக் கேட்க ஆள் இல்லாமல் போகும் நாளில். டெக்னிக்ஸையே பாருங்க. 2010ல் எஸ்எல்-1200 தயாரிப்பை நிறுத்தினாங்க. எந்த டிஜேவும் தூக்கி எறியலை. தட்டும் முள்ளும் இருக்கும் வரை அதுக்கு யார் தயவும் வேண்டாம். 2016ல் கம்பெனியே திரும்பவும் தயாரிக்க ஆரம்பிச்சது தனிக்கதை. தட்டில் இருக்கிற பள்ளம் மாதிரி கன்ட்ரோலருக்கு மிடி.

விசிஐ-100ல் சவுண்ட் கார்டு கிடையாது. 2007ல் அதைக் குறைன்னு சொன்னாங்க. இன்னைக்கு அதுதான் வரம். உள்ளே இருப்பது வெறும் தபால் கார்டு மெஷின், அவ்வளவுதான். மிக்ஸ் (எக்ஸ் மூணு போட்டு எழுதுவாங்க) என்று ஒரு இலவச மென்பொருள், 2000களின் தொடக்கத்திலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்து வருவது. எந்தப் பட்டன் எந்த வேலை செய்யணும் என்ற பட்டியலை யார் வேணும்னாலும் எழுதிச் சேர்க்கலாம். விசிஐ-100க்கும் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வெச்சிருக்கார். கம்பெனி போயும் பெட்டி பேசுது, கேட்க ஆள் இருக்கு.

கஷ்டத்தையும் சொல்லிடறேன். சாதாரண மிடி செய்தியில் 0லிருந்து 127 வரை 128 படிகள்தான். வேக ஸ்லைடர் மேலே எட்டு, கீழே எட்டு, மொத்தம் 16 சதவீதம்னா ஒரு படிக்கு 0.126 சதவீதம். நிமிஷத்துக்கு 128 தாளம் ஓடுற பாட்டில் அது 0.16 தாளம். அதாவது எவ்வளவு கவனமா வெச்சாலும் பாதிப் படி, 0.08 தாளம் வரை பிசகலாம். ஒரு நிமிஷத்தில் அது சுமார் 38 மில்லிசெகண்ட் விலகல். ரெண்டு டிரம்மும் குதிரை ஓடுற மாதிரி கேட்க ஆரம்பிக்கும். இந்த மாதிரிப் பெட்டியில் சக்கரத்தை விரலால் லேசா தள்ளித் தள்ளி சரி பண்ணிக்கிட்டே இருக்கணும். பழைய தட்டு ஆட்கள் செய்த அதே வேலைதான்.

தனி சவுண்ட் கார்டு வாங்க காசில்லையா? லேப்டாப்பின் ஒரே துளையில் பிரிப்பு வயர் போட்டு, இடது பக்கத்தை ஸ்பீக்கருக்கும் வலது பக்கத்தை ஹெட்ஃபோனுக்கும் அனுப்பலாம். ஸ்டீரியோ போயிடும். மொட்டை மாடியில் ஆடுறவங்க யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை.

நீங்களும் இப்படி நின்றுபோன மாடல் ஒண்ணை வாங்கப் போறீங்கன்னா மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, தனி டிரைவர் இல்லாமல் கம்ப்யூட்டர் அதை மிடி கருவின்னு அடையாளம் காணுதா? ரெண்டு, அதுக்கான பட்டியல் ஏதாவது பொது மென்பொருளில் இருக்கா? மூணு, ஒவ்வொரு திருகையும் மெதுவா திருப்பி எண்களைக் கவனிங்க. 0லிருந்து 127 வரை ஒழுங்கா ஏறணும். நடுவில் குதித்தால் உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பார்க்கலாம், அதுக்கும் சரியாகலைன்னா விலையில் ஆயிரமாவது குறைச்சுப் பேசுங்க.

கம்பெனி உயிரோட இருக்கான்னு கேட்கிறதை விட, அந்தப் பொருள் பேசுறது பொதுமொழியா தனிமொழியான்னு கேட்கிறது மேல். டிஜே பெட்டிக்கு மட்டுமில்லை, கேமரா, பிரிண்டர், இன்னிக்கு வாங்குற எந்த 'ஸ்மார்ட்' சாமானுக்கும் இதேதான். உங்க வீட்டுப் பரணில் கம்பெனி செத்தும் சாகாத சாமான் ஏதாவது கிடக்கா? இருந்தா தூசி தட்டி ஒருதரம் சொருகிப் பாருங்க.