தமிழ்நாட்டில் அரசு மருத்துவச் செலவு

தமிழ்நாட்டில் மக்களின் மருத்துவத்துக்கு அரசு இரு வழிகளில் செலவிடுகிறது. அரசு மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் தானே நடத்துவது பழைய வழி. தனியார் மருத்துவமனைக் கட்டணத்தைக் காப்பீடு மூலம் ஏற்பது 2009-இல் பரவலாக வந்த வழி.

தொடக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைவீரர்களுக்காக 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் அமைத்த சிறு மருத்துவமனையே, இன்றைய ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் மூலம். 1939-இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி, நோய்த் தடுப்பையும் அரசின் கடமையாக்கியது.

மருந்துக் கொள்முதல்

மருத்துவர் இருந்தும் மருந்து இல்லையென்றால் இலவச சிகிச்சைக்குப் பொருளில்லை. இதைச் சீராக்க 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அத்தியாவசிய மருந்துகளை வணிகப் பெயரில் அல்லாமல் மூலப் பெயரில், மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளியில் வாங்குவதால் விலை இறங்கியது. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். தேறிய பிறகே வெளியே வரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற பாஸ்புக் உண்டு. ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தேவையானதை எடுக்கலாம். எடுத்ததன் மதிப்பு அதில் கழியும். மாத்திரை அட்டையில் அரசு முத்திரை இருப்பதால் கடைக்குக் கடத்துவது கடினம். கேரளமும் ராஜஸ்தானும் இம்முறையைப் பின்பற்றின.

காப்பீடு

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கான பிரீமியத்தை அரசு கட்டியது. 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயானது. அரசு மருத்துவமனைகளும் இதில் சேர்க்கப்பட்டதால், பொதுப்பணத்தின் ஒரு பகுதி அவற்றுக்கே திரும்புகிறது.

மதிப்பீடு

இதய அறுவைச் சிகிச்சைக்காக நிலத்தை விற்கவேண்டிய நிலையிலிருந்து பல குடும்பங்களைக் காப்பீடு மீட்டது. ஆனால் அது பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கே பயன்படும். சர்க்கரை நோயாளியின் அன்றாட மாத்திரைக்கு உதவாது. அந்த மாத்திரையை இலவசமாகத் தருவது ஆரம்ப சுகாதார நிலையம்தான். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. ஆகவே காப்பீடு அரசு மருத்துவமனைக்குத் துணையாக இருக்கலாம், மாற்றாக முடியாது. நிதி ஒதுக்கும்போது முதல் உரிமை அரசு மருத்துவமனைக்கே உரியது.