ராஜநாயக்கனுக்கு ஏன் குருப்பட்டம் கிடைக்கவில்லை?

தரங்கம்பாடிக்குப் போகும் நம்மில் பலர் கடற்கரையில் நிற்கும் டேனிஷ் கோட்டையைப் பார்க்கிறோம். பிறகு ராஜ வீதியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போய், பலிபீடத்தின் முன்னால் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் சீகன்பால்குவின் கல்லறையைப் பார்க்கிறோம். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர் என்று அவரைப் பற்றி நமக்குப் பள்ளியிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மிஷனுக்காக நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஊர் ஊராக நடந்த ஒரு பறையர் இருந்தார். அவர் பெயர் ராஜநாயக்கன். அவரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் படித்தால்தான், கடல் கடந்து வந்த மிஷனரியின் அன்றாட வேலை எப்படி நடந்தது, யாருடைய உழைப்பில் நடந்தது, எந்த இடத்தில் அது சாதியின் முன் நின்றுபோனது என்பது நமக்குப் புரியும்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையின்படி தரங்கம்பாடி டேனிஷ் வணிகக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனி வந்தது மிளகுக்கும் துணிக்கும்தான். சமயப் பணிக்காக அல்ல. 86 ஆண்டுகள் கழித்து, டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் 1706 ஜூலை 9 அன்று வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, 1682இல் சாக்சனியின் புல்ஸ்னிட்சில் பிறந்தவர். மற்றவர் ஹென்ரிக் புளுட்சோ. கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவர்களை வரவேற்கவில்லை. வியாபாரம் நடக்கும் இடத்தில் இவர்கள் எதற்கு என்பதே அவருடைய எண்ணம்.

சீகன்பால்குவின் முதல் வேலை மொழி படிப்பது. திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் என்ற துபாஷி அவருக்குச் சொல்லும் பொருளும் சொல்லித் தந்தார். அவருடைய அன்றாட ஒழுங்கைக் கடிதங்களில் அவரே எழுதியிருக்கிறார். காலையில் முந்தின நாள் படித்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு நண்பகல் வரை ஒரு முதிய புலவரை வைத்துக்கொண்டு ஓலைச் சுவடிகள் படிப்பார். பிற்பகலில் ஞானோபதேசம், மறுபடியும் வாசிப்பு. இரவில் கண் களைத்துவிட்டால், வேறொருவர் வாசிக்க இவர் கேட்பார். இப்படிப் படித்துத்தான் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் எந்தப் பிள்ளைகள் உட்கார முடியும்? ஓலைச் சுவடி யார் வீட்டில் இருக்கும்? சேரிக்காரரின் வீட்டில் இருக்காது. ஒரு மொழியை யாரிடம் கற்கிறோமோ, அவர்கள் சமூகத்தைப் பார்க்கும் பார்வையும் அந்த மொழியோடு சேர்ந்துதான் வரும். தமிழ்ச் சமூகத்தை மிஷனரிகள் முதலில் பார்த்தது எழுத்தறிந்த சாதியினரின் திண்ணையிலிருந்துதான்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு காட்சியும் அதே வீட்டில் இருந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள். அந்த அடிமைகளுக்கு, அவர்கள் பேசிய போர்த்துகீசிய மொழியிலேயே, மிஷனரிகள் பாடம் சொல்லித் தந்தார்கள். 1707 மே மாதம் இந்த மிஷன் கொடுத்த முதல் திருமுழுக்கு ஐந்து அடிமைகளுக்குத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் சிறிய ஆலயம் ஒன்றைக் கட்டினார்கள். பள்ளிகள் தொடங்கினார்கள், பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். 1708இல், ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் தலையிட்டதற்காக ஹாசியஸ் சீகன்பால்குவைக் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்து வைத்தார். ஐரோப்பிய அதிகாரத்தை எதிர்த்து நிற்கத் தயங்காத மனிதர் அவர் என்பதை நாம் மறைக்கக் கூடாது.

அச்சுக்கூடம் வந்த கதையும் எளிதானது அல்ல. இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சு எந்திரம் அனுப்பியது. வரும் வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்த அச்சுப் பணியாளர் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. அந்த அளவில் அச்சிட்டால் காகிதம் போதாது. அதனால் பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். 1714இல் நான்கு நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் பணியும் தமிழில் அச்சாகி வெளிவந்தன. அடுத்த ஆண்டு புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்தது. சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் இறந்தார்.

அச்சான புத்தகத்துக்கு ஒரு குணம் உண்டு. அது யார் கைக்குப் போகும் என்பதை அச்சிட்டவர் தீர்மானிக்க முடியாது. ஓலைச் சுவடி வீட்டுக்குள்ளேயே இருக்கும்; அச்சுப் புத்தகம் ஊர் விட்டு ஊர் போகும். அப்படிப் போன ஒரு பிரதி தஞ்சை அரசரின் படையில் சிறு பொறுப்பில் இருந்த ராஜநாயக்கனின் கைக்கு வந்தது. பெயரில் நாயக்கன் இருந்தாலும் அவர் பறையர். கத்தோலிக்கக் குடும்பம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர். அந்தப் புத்தகத்தை அவர் வாசித்தார், மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினார். 1720களின் பிற்பகுதியில் தரங்கம்பாடி மிஷனரிகளைத் தேடி வந்து அவர்களுடைய சபையில் சேர்ந்தார். படை வேலையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார்.

உபதேசியார் வேலை என்னவென்று இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போக வேண்டும். வாசித்துக் காட்ட வேண்டும். கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். திருமுழுக்குக்கு வருபவர்களுக்கு மாதக்கணக்கில் பாடம் நடத்த வேண்டும். நோயாளி வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் போக வேண்டும். நடந்ததை எல்லாம் எழுதி மிஷனரிகளிடம் கொடுக்க வேண்டும். மிஷனரிகள் அதைச் சுருக்கி ஜெர்மன் மொழியில் ஹாலேவுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவில் நன்கொடை கொடுத்தவர்கள் படித்த 'மிஷன் செய்தி'களில் ஒரு பங்கு இப்படி உபதேசியார்களின் கால் நடையிலிருந்து வந்ததுதான்.

தஞ்சை ராஜ்யத்தில் ராஜநாயக்கனின் தேவை இன்னும் அதிகம். அந்த ஆண்டுகளில் ஐரோப்பியர்கள் தஞ்சை எல்லைக்குள் நினைத்தபடி நடமாட முடியாது. கோட்டைக்கு வெளியே சில கல் தூரம் போனாலே அனுமதி வேண்டும். ராஜநாயக்கன் போக முடிந்தது. எதிர்ப்பும் அடியும் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் வந்தன. அவர் பின்வாங்கவில்லை. 1771இல் இறக்கும்வரை அந்தப் பணியில் இருந்தார்.

1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடி மிஷனரிகள் ஒரு புதிய காரியம் செய்தார்கள். இந்தியர் ஒருவருக்கு முதல் முறையாகப் புராட்டஸ்டண்ட் திருச்சபையில் குருப்பட்டம் கொடுத்தார்கள். பெற்றவர் ஆரோன். கடலூரில் பிறந்த வெள்ளாளர், சீகன்பால்குவின் காலத்திலேயே திருமுழுக்குப் பெற்றவர், நல்ல உழைப்பாளி. 1741இல் தியோகு என்பவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கனுக்குக் கொடுக்கவில்லை. கடைசிவரை கொடுக்கவில்லை.

அவருக்கு அறிவு போதாது என்றோ, நடத்தை சரியில்லை என்றோ மிஷனரிகள் சொல்லவில்லை. அவரை மிகவும் மதிப்பதாகவே எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணம் வேறு. பறையர் ஒருவர் திருவிருந்து பரிமாறினால், மேல்சாதிக் கிறிஸ்தவர்களிடம் அந்தத் திருவிருந்தின் மதிப்பே குறைந்துவிடும் என்று அஞ்சினார்கள்.

இந்தக் காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ராஜநாயக்கன் வேதம் வாசிக்கலாம். பாடம் நடத்தலாம். அடி வாங்கலாம். சபையை வளர்க்கலாம். அப்பத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க மட்டும் கூடாது. சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு ஆவணம் காட்ட முடியாது. யார் கையால் யார் உண்பது, அதுதான் சாதியின் அடிப்படைச் சட்டம். ஊரில் டீக்கடையில் இருந்த அதே சட்டம், அதற்கு முன்பே பலிபீடத்துக்கு வந்துவிட்டது. அன்று அந்த ஆலயத்துக்குள்ளேயே வெள்ளாளர் ஒரு பக்கமும் பறையர் இன்னொரு பக்கமும், நடுவே இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள்.

"அந்தக் காலத்தில் வேறு வழியில்லை. கண்டிப்பாக இருந்திருந்தால் சபையே உடைந்திருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் நடத்தும் வாசிப்புக் கூட்டங்களிலும் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. அதற்கு நம் பதில் இது. கோட்டைத் தளபதியை எதிர்த்துச் சிறைக்குப் போன மிஷனின் வாரிசுகளுக்கு எதிர்த்து நிற்கத் தெரியாது என்று நாம் நம்ப வேண்டியதில்லை. அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். வெள்ளாளர் போய்விட்டால் சபைக்கு என்ன நட்டம் என்று எண்ணிப் பார்த்தார்கள். கிராமத்துச் சபைகளில் பெரும்பகுதியாக இருந்த பறையர் அவமானத்தோடு உள்ளேயே இருந்தால் என்ன நட்டம் என்று எண்ணவில்லை. போகமாட்டார்கள் என்று தெரிந்தவர்களின் வலி அந்தக் கணக்கில் வரவில்லை.

அந்தக் கணக்கை அதன்பின் வந்தவர்களும் போட்டார்கள். 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாகவும் முற்றிலுமாகவும் விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தனி இருக்கை கூடாது, திருவிருந்துக்கு மேல்சாதியார் முதலில் வருவதும் கூடாது என்றார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னர் தரங்கம்பாடி மிஷனின் பொறுப்பை ஏற்ற லைப்சிக் மிஷன், கார்ல் கிரவுலின் தலைமையில், சாதி ஒரு சமூக வழக்கம்தான் என்று இளக்கம் காட்டியது. வெளியே போனவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு திறக்கும் வசதி மேல்சாதிக்கு எப்போதும் இருந்தது.

இது பழைய கதை என்று நாம் மூடி வைக்க முடியாது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளையும் மற்றவர்களையும் பிரிக்க எழுப்பிய சுவரை நம் இயக்கங்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகின்றன. இன்னொரு பக்கம், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்கிறது அரசு தரப்பு. ராஜநாயக்கன் அதற்கு 18ஆம் நூற்றாண்டிலிருந்தே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். மதம் மாறினார், வேலையை விட்டார், வாழ்நாள் முழுவதும் உழைத்தார். சாதி அவரைப் பலிபீடப் படி வரைக்கும் துரத்தி வந்தது.

மிஷனரிகளைப் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள் புழங்குகின்றன. ஒன்று, நமக்கு எழுத்தும் மானமும் கொடுத்தவர்கள் அவர்களே என்பது. மற்றது, மதம் மாற்ற வந்த அந்நியர்கள் என்பது. இரண்டு கதைகளிலும் நடப்பவர் மிஷனரி மட்டும்தான். நம் மக்கள் வாங்கிக்கொள்பவர்களாகவோ ஏமாந்தவர்களாகவோ மட்டும் வருகிறார்கள். ராஜநாயக்கனை யாரும் மாற்றவில்லை. ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு அவராகத் தேடிப் போனார். மிஷனரிகள் நுழைய முடியாத ஊர்களுக்கு அவர் போனார். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இந்த இடத்தில் நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சபையின் பழைய பதிவேடுகளைப் பாருங்கள். அதில் போதகர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதோடு நிற்காமல், உபதேசியார்கள் யார், கோயில் கட்ட மண் சுமந்தவர்கள் யார், முதலில் படித்த பெண்கள் யார் என்று தேடுங்கள். பாட்டி தாத்தாக்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை தரங்கம்பாடி போனால் சீகன்பால்குவின் கல்லறை முன் நில்லுங்கள், தவறில்லை. அங்கிருந்து திரும்பும் முன், கூட வந்தவர்களுக்கு ராஜநாயக்கனைப் பற்றியும் சொல்லிவிட்டு வாருங்கள்.