செல்லுமிடம் வகுத்த பாடத்திட்டம்: கொடைக்கானல் முதல் ஓசூர் எல்லை வரை பன்னாட்டுப் பள்ளிக் கல்வி

ஆய்வுச்சுருக்கம்

பள்ளிப் பாடத்திட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அரசின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குடும்பங்களின் இடப்பெயர்வை முதன்மைப்படுத்தி அதனை அணுக இக்கட்டுரை முயல்கிறது. கொடைக்கானலில் 1901இல் தொடங்கப்பெற்ற சிறு பள்ளி ஒன்று 1976இல் பன்னாட்டுப் பட்டயத் திட்டத்தை ஏற்ற வரலாறு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அதன்வழி ஓசூர்–கிருட்டினகிரி எல்லைத் தொழிற்பகுதியின் இன்றைய கல்விச் சூழலும், அதில் தாய்மொழி பெறும் இடமும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பன்னாட்டுப் பள்ளி, பாடத்திட்டம், கொடைக்கானல், ஓசூர், இடப்பெயர்வு, தாய்மொழி.

முன்னுரை

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியோடு தமிழ்நாடு முடிகிறது. அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்குகிறது. நெடுஞ்சாலை ஒன்றுதான், பள்ளியில் பயில வேண்டிய மொழியை வகுக்கும் சட்டங்கள் இரண்டு. தமிழ்நாட்டில், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 2006–07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. பிற வாரியங்களைச் சார்ந்த பள்ளிகளுக்கும் அக்கட்டாயம் 2015–16 முதல் இவ்வாறே படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டின் கன்னடம் கற்றல் சட்டம் அதே பணியைக் கன்னடத்திற்குச் செய்தது. தந்தையின் பணி ஓசூர் ஆலையிலிருந்து பெங்களூர் அலுவலகத்திற்கு மாறுமாயின், குழந்தையின் கட்டாய மொழியும் மாறும். மாறாதது ஆங்கிலம் மட்டுமே.

இத்தகைய குடும்பங்களை நாடியே பன்னாட்டுப் பாடத்திட்டம் இப்பகுதிக்கு வந்துள்ளது. ஓசூரிலிருந்து எளிதில் சென்றடையத்தக்க சர்ஜாபுரப் பகுதியில் 2000ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்ட இரு பெரிய பள்ளிகள் இன்று பன்னாட்டுப் பட்டயத் திட்டத்தை நடத்துகின்றன. இதனை உலகமயமாக்கலின் புதுவரவாகக் கருதுவோர் பலர். தமிழகத்தில் அத்திட்டத்தின் வரலாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கும், அதற்கு வழிவகுத்த தேவையின் வரலாறு நூறாண்டிற்கும் மேற்பட்டது என்பதைக் கொடைக்கானல் காட்டும்.

மலைவாழிடத்துப் பள்ளி

மதுரையில் 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் தன் ஊழியரைப் பலிகொடுத்த பின்னர், 1845இல் கொடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டியது. கோடையில் மலையேறுவதும் பின்னர் இறங்குவதும் ஆண்டு வழக்கமாயிற்று. எனினும் ஒரு சிக்கல் எஞ்சியது. பிள்ளைகள் பள்ளி வயதை எட்டியதும் அவர்களை அமெரிக்காவிற்குக் கப்பலேற்ற வேண்டியிருந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் பல்லாண்டுகள் ஒருவரையொருவர் காணாதிருந்தனர். மிஷன் வரலாறுகளில் மதமாற்றக் கணக்குகளுக்கு உள்ள இடத்தில் ஒரு சிறு பங்குகூட இப்பிரிவுக்கு அளிக்கப்படவில்லை என்பது இங்குச் சுட்டத்தக்கது.

1901இல் 'ஹைகிளர்க்' என்னும் பெயரில் ஒரு பள்ளி மிகச் சிலரான மாணவருடன் திறக்கப்பட்டது. அதற்கு முன் விடுதியாக இருந்த கட்டடத்தின் பெயரே பள்ளிக்கும் பெயராயிற்று. அதன் முதல் தலைவர் மார்கரெட் எடி, இந்தியாவில் பணியாற்றிய ஷெர்வுட் எடியின் தாயார். கீழ்வகுப்புகளுடன் தொடங்கிய பள்ளி, படிப்படியாக உயர்நிலை வகுப்புகள் வரை வளர்ந்தது.

பழனி மலையில் இருந்துகொண்டு அப்பள்ளி எதைக் கற்பித்தது என்பதே நம் வினா. சுற்றிலும் சென்னை மாகாணத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வும், பின்னர் எஸ்.எஸ்.எல்.சி. முறையும் நடைமுறையில் இருந்தன. அவற்றுள் எதையும் அது பின்பற்றவில்லை. அமெரிக்கப் பள்ளியின் வகுப்பு முறையையே பின்பற்றியது. மாணவர் திரும்பிச் சென்று அங்குள்ள கல்லூரியிலோ அடுத்த வகுப்பிலோ தடையின்றிச் சேர வேண்டும் என்பதே அதன் அளவுகோல். சுருங்கக் கூறின், பள்ளி இருந்த இடம் பாடத்திட்டத்தை வகுக்கவில்லை. மாணவர் செல்லவிருந்த இடமே வகுத்தது.

அலகும் தேர்வும்

இதற்கு அமெரிக்க முறை ஏன் வாய்ப்பாக அமைந்தது என்பதை அதன் இயங்குமுறையை நோக்கினாலன்றி உணர இயலாது. சென்னை மாகாண முறையின் உச்சி ஒரு பொதுத்தேர்வு. பல ஆண்டுப் படிப்பின் மதிப்பு ஒரே வாரியம் நடத்தும் சில நாள் தேர்வில் முடிவாகும். இடையில் மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் மாணவர் புதிய நூல்களையும் புதிய மொழிப்பாடத்தையும் முதலிலிருந்து எதிர்கொள்வார். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியிலோ ஒவ்வொரு பாடமும் தனித்தனி அலகு. கார்னகி அறக்கட்டளை 1906ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைபெறச் செய்த வரையறையின்படி, ஓராண்டில் ஏறத்தாழ 120 மணிநேரம் பயின்ற பாடம் ஓர் அலகாகும். எங்குப் பயின்றாலும் அவ்வலகு மாணவரின் ஏட்டில் பதிவாகும். கூடுதலே பட்டயத்திற்கு வழி. பாதியில் ஊர் மாறினாலும் பதிவானது பதிவானதே.

அலகு முறையைக் கல்வித் தரத்தை நீர்க்கச்செய்யும் கணக்குவழக்கு எனக் குறைகூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஊர்விட்டு ஊர் செல்லும் குழந்தையின் நிலையிலிருந்து நோக்கினால், கற்ற காலத்தை வீணாக்காத முறை அது.

ஜெனீவாவும் 1976உம்

கொடைக்கானலின் சிக்கலே வேறு வடிவில் ஜெனீவாவில் தோன்றியது. நாடுகளின் கழகம், பன்னாட்டுத் தொழில் நிறுவனம் ஆகியவற்றில் பணியாற்றியோரின் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவா பன்னாட்டுப் பள்ளி நிறுவப்பட்டது. உயர்வகுப்புகளில் ஒரே அறையில் அமர்ந்திருந்தவர்கள் வெவ்வேறு நாடுகளின் தேர்வுகளுக்கு ஆயத்தமாக வேண்டியிருந்தது: ஒருவருக்கு ஆங்கிலேய உயர்நிலைத் தேர்வு, ஒருவருக்குப் பிரெஞ்சு பக்கலோரியா, ஒருவருக்குச் சுவிட்சர்லாந்தின் மதுரித்தே, மற்றொருவருக்கு அமெரிக்கக் கல்லூரி வாரியத் தேர்வு. பெயரால் பன்னாட்டுப் பள்ளி. உள்ளே நான்கு நாட்டுப் பள்ளிகள். இதற்கு மாற்றாக ஆசிரியர்களே முன்னின்று உருவாக்கிய பொதுத்தேர்வுத் திட்டத்திலிருந்து, 1968இல் பன்னாட்டுப் பட்டய அமைப்பு பிறந்தது.

இரண்டாண்டுக் கால அளவுள்ள அத்திட்டத்தின் அமைப்பு இது: மொழியும் இலக்கியமும், கற்கும் மொழி, மனிதரும் சமூகமும், அறிவியல், கணிதம், கலை என ஆறு பிரிவுகள். மாணவர் ஆறு பாடங்களைத் தெரிந்து, பொதுவாக மூன்றினை 240 மணிநேர உயர்நிலையிலும் மூன்றினை 150 மணிநேரப் பொதுநிலையிலும் பயில்வர். ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி, அறிவுக் கோட்பாடு என்னும் பாடத்திற்கும் 4000 சொல்லுக்கு மிகாத நீள்கட்டுரைக்கும் சேர்த்து 3, ஆக 45. படைப்பாக்கம், உடற்பயிற்சி, தொண்டு ஆகியவற்றிற்குப் புள்ளி இல்லை. ஆனால் அவற்றை முடிக்காதவருக்குப் பட்டயமும் இல்லை. அமெரிக்க அலகு முறையின் மணிநேரக் கணக்கும், ஐரோப்பியப் பொதுத்தேர்வின் புறமதிப்பீடும் இதில் ஒருங்கே அமைந்திருத்தலைக் காணலாம்.

கொடைக்கானல் பள்ளி இத்திட்டத்தை 1976இல் ஏற்றது. இந்தியாவில் அதனை முதலில் ஏற்ற பள்ளி அதுவே. ஏற்றதன் காரணத்தைக் கல்விக் கொள்கையில் மட்டும் தேடுவது போதாது. விடுதலைக்குப் பின் அமெரிக்க மிஷனரிகளின் எண்ணிக்கை குறைந்தது. பள்ளியை நிரப்பிய பிள்ளைகள் குறைந்தனர். அவ்விடத்தில் இந்தியப் பிள்ளைகளும், ஆசியாவின் பிற நாடுகளிலிருந்து வந்தோரும் சேர்ந்தனர். பள்ளியின் பெயரிலும் 'பன்னாட்டு' என்னும் அடை ஏறியது. இவர்கள் எல்லோரும் அமெரிக்காவிற்குச் செல்வோர் அல்லர்; செல்லுமிடம் பலவானபோது, பல இடங்களில் ஏற்கப்படும் சான்றிதழ் தேவையாயிற்று. பழைய அமெரிக்க முறை கைவிடப்படவுமில்லை. பள்ளியின் சொந்த உயர்நிலைப் பட்டயமும் பன்னாட்டுப் பட்டயமும் இணையாகத் தொடர்ந்தன. இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் பன்னாட்டுப் பட்டயத்தை மேல்நிலைப் படிப்புக்கு இணையாக ஏற்றபின், உள்நாட்டுக் கல்லூரிகளும் செல்லுமிடப் பட்டியலில் சேர்ந்தன.

பன்னாட்டுக் கல்வி என்பதற்கு இஃதொன்றே பொருளன்று. புதுச்சேரியில் 1952இல் தொடங்கப்பட்டு, பின்னர் ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம் எனப் பெயர்பெற்ற நிறுவனம் பட்டமோ சான்றிதழோ வழங்குவதில்லை. அங்கு அறிவியலும் கணிதமும் பிரெஞ்சு மொழியில் கற்பிக்கப்படுகின்றன. ஒன்று, எங்கும் செல்லுபடியாகும் தாளைத் தருவது. மற்றொன்று, தாளே வேண்டாம் என்பது. பெற்றோர் பெருந்திரளாக எதனைத் தெரிந்தெடுத்தனர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஓசூரின் இடப்பெயர்வுகள்

கல்விக்காக எல்லை கடத்தல் ஓசூருக்குப் புதிதன்று. 1878இல் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, ஓசூரில் பள்ளிக் கல்வி பெற்று, பெங்களூர் மத்தியக் கல்லூரியில் 1894இல் பட்டம் பெற்றார். சட்டம் பயிலச் சென்னை சென்றார். அன்றைய சேலம் மாவட்டத்தின் இம்மூலைக்குச் சென்னையை விட மைசூர் அரசின் பெங்களூர் அண்மையது. அண்மை இன்றும் அப்படியே. மாறியது எல்லையின் பொருள்.

சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததை அடுத்து, 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய நிறுவனங்கள் ஓசூரில் ஆலை நடத்தத் தொடங்கின. மேலாளரும் பொறியாளரும் வெளியூர்களிலிருந்து வந்தனர். எங்கு வேண்டுமானாலும் மீண்டும் மாற்றப்படக்கூடியவர்கள் அவர்கள். இத்தகையோருக்கான ஏற்பாட்டை நடுவண் அரசு தன் ஊழியருக்கு முன்னரே செய்திருந்தது. 1962இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சீரமைக்கப்பட்டதும், அடுத்த ஆண்டு மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டதும் இடமாற்றத்துக்குரிய ஊழியரின் பிள்ளைகளை முன்னிட்டே. மத்திய வாரியத்தை இந்நோக்கில் 'உள்நாட்டுப் பன்னாட்டுத் திட்டம்' எனலாம்: கொடைக்கானலில் மிஷனரிக்கு அமெரிக்கா எதுவோ, ஆலை மேலாளருக்குப் புனேயும் குர்கானும் அதுவே. 2004இல் கிருட்டினகிரி தனி மாவட்டமான பின், அவர்தம் அடுத்த தலைமுறைக்குச் செல்லுமிடம் சிங்கப்பூரும் டெக்சாசும் ஆனபோது, பட்டியலில் பன்னாட்டுப் பட்டயமும் கேம்பிரிட்ஜ் தேர்வும் சேர்ந்தன. 2011இல் நடைமுறைக்கு வந்த சமச்சீர்க் கல்வி, மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் ஆகிய நான்கு முறைகளை ஒன்றாக்கியது. ஆனால் அது ஒன்றாக்கியது மாநில எல்லைக்குள் நின்ற முறைகளை மட்டுமே. வெளியேறும் வழிகள் அதன் ஆட்சிக்கு அப்பால் இருந்தன. மெட்ரிகுலேஷனை நாடிய வசதியுள்ள குடும்பங்கள் பின்னர் வேறு வாரியங்களை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

தாய்மொழியின் இடம்

பன்னாட்டுப் பட்டயத்தின் முதற்பிரிவில், பொதுவாகக் கவனிக்கப்படாத ஒரு விதி உள்ளது. மாணவரின் தாய்மொழி இலக்கியத்தைக் கற்பிக்கப் பள்ளியில் ஆசிரியர் இல்லையெனில், பள்ளியின் துணையுடன் அவரே அவ்விலக்கியத்தைப் பொதுநிலையில் பயின்று தேர்வெழுதலாம். நாடுவிட்டு நாடு செல்லும் குழந்தை தன் மொழியை இழந்துவிடக் கூடாது என்னும் கருத்தே இவ்விதிக்கு அடிப்படை. ஒரு வகுப்பில் ஒரே ஒருவர் பேசும் மொழியாயினும் அதற்கு இடமுண்டு.

இவ்விதியை ஓசூர்ச் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் உருதும் தாய்மொழியாகக் கொண்டோர் குடியேறியவர் அல்லர். தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்வோர். தமிழ் கற்றல் சட்டத்தின் பாடப் பகுப்பில் தமிழ் முதற்பகுதி, ஆங்கிலம் இரண்டாம் பகுதி, பிற பாடங்கள் மூன்றாம் பகுதி. சிறுபான்மையர் தாய்மொழி நான்காம் பகுதி, அதுவும் விருப்பப்பாடம். சிறுபான்மை மொழிப் பள்ளிகள் நீதிமன்றத்தை நாடி விலக்குப் பெற்று வந்தமை அறிந்ததே. தமிழகத்தில் வளரும் குழந்தை தமிழறியாது பள்ளியை விட்டுச் செல்லுதல் முறையன்று என்னும் சட்டத்தின் நோக்கத்தில் இக்கட்டுரைக்கு மாறுபாடில்லை. மாறுபாடு நான்காம் பகுதியின் எடையில்தான். கட்டணம் செலுத்தி உலகம் சுற்றும் குழந்தையின் தாய்மொழி முதற்பிரிவில் அமர, ஊரிலேயே இருக்கும் குழந்தையின் தாய்மொழி இறுதிப் பகுதியில் நிற்கிறது.

மறுபுறம், பன்னாட்டுப் பள்ளியில் பயிலும் தமிழ்க் குழந்தை இவ்விதியால் பயன்பெறுவதும் உறுதியன்று. விதி வாயிலைத் திறக்கிறது. நுழைவது பெற்றோரின் தேர்வு. முதற்பிரிவில் ஆங்கிலத்தையும் இரண்டாம் பிரிவில் பிரெஞ்சையோ ஸ்பானியத்தையோ கொண்டால் பட்டயத்திற்குப் போதும். செல்லுமிடமே அளவுகோலாகும்போது, புறப்படும் இடத்தின் மொழி கணக்கில் வருவதில்லை. இதற்கு மாறாகச் சிங்கப்பூரில் தமிழ், கேம்பிரிட்ஜுடன் இணைந்து நடத்தப்படும் சாதாரண நிலைத் தேர்வில் தாய்மொழிப் பாடமாக நிலைபெற்றுள்ளது; அங்கு அதனை நிலைநிறுத்தியது பள்ளியின் விருப்பமன்று, அரசின் மொழிக் கொள்கை.

ஓசூரில் இடம்பெயர்வோர் மேலாளர் மட்டுமல்லர். ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் மாவட்டத்தின் கருங்கல் தொழிலிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலத்தார் உழைக்கின்றனர். அவருள் சிலர் குடும்பத்தோடு வருகின்றனர். இப்பிள்ளைகள் ஊர் மாறும் வேகம் மேலாளரின் பிள்ளைகளை விட மிகுதி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கையையும், 5ஆம் பிரிவில் வேறு பள்ளிக்கு மாறும் உரிமையையும் அவர்களுக்கு அளித்துள்ளது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுத்தலும் கூடாது. இருக்கைக்கு உறுதி உண்டு. ஆனால் ஒடியாவில் தொடங்கி ஓசூரில் தமிழுக்கு மாறி, அத்திப்பள்ளிக்குச் சென்றால் கன்னடத்திற்கு மாறும் குழந்தை, முந்தைய ஊரில் கற்றதை அலகாகப் பதிந்து அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்ல கொடைக்கானல் மிஷனரிப் பிள்ளைக்குக் கிடைத்ததைப் போன்ற ஓர் ஏட்டை எந்த வாரியமும் இன்னும் வகுக்கவில்லை.