சங்கு குளித்தவர்கள் தேடாத ஆவுளியா

புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுத்தரும் மையங்கள் நடக்கும் காலத்தில், குழுவாகக் கடலில் இறங்கிக் கடற்பசுவைப் பார்த்து வரலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால் புதுச்சேரியின் வில்லியனூர்க் கொம்யூனுக்குக் கடலே கிடையாது. பாகூர்க் கொம்யூனுக்கு நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் எனக் கரையோர ஊர்கள் உண்டு. ஆனால் ஆவுளியா என்னும் அந்தக் கடற்பசு மேயும் தரை அங்கே இல்லை. முன்பு இருந்து பிறகு அழிந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்குக் கடலின் அமைப்பே பதில் சொல்லிவிடும். ஆவுளியா ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கும் மேல் கடற்புல் தின்னும். அந்தப் புல் செழிக்க ஆழம் குறைவான, அலை அடங்கிய, வெயில் தரைவரை இறங்கும் கடல் வேண்டும். கொடியக்கரைக்கு வடக்கே சோழமண்டலக் கரை திறந்த கடலைப் பார்த்து நிற்கிறது; அலை ஓயாது, தென்பெண்ணையும் சங்கராபரணியும் மணலையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. வழிதவறிய ஒன்றிரண்டு இந்தப் பக்கம் வந்திருக்கலாம். மேய்ச்சல் இல்லாத இடத்தில் அவை தங்கியிருக்காது.

ஆகவே பாகூரிலிருந்து கிளம்பும் குழு கொடியக்கரையைத் தாண்டிப் பாக் விரிகுடாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே இருப்பதும் கடற்பசு என்றே குழப்பிக்கொள்ளப்படும் மேனட்டி அல்ல; மேனட்டிகள் அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வாழ்பவை, ஆசியக் கடலில் ஒன்றும் இல்லை. மேனட்டியின் வால் வட்டமானது, அது ஆற்றிலும் வாழும். நம்முடைய ஆவுளியாவின் வால் திமிங்கிலத்தைப் போலப் பிளந்தது; அது கடலை விட்டு வராது. இந்த வேறுபாட்டை வெறும் விலங்கியல் நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. புளோரிடாவின் கிரிஸ்டல் ரிவரில் மனிதர்கள் மேனட்டியோடு நீந்துகிறார்கள் என்றால், குளிர்காலத்தில் வெதுவெதுப்பான ஊற்று நீரைத் தேடி அவை ஒரே இடத்தில் கூடுவதும், அந்த நீர் கண்ணாடியாகத் தெளிந்திருப்பதும்தான் காரணம். அங்கேயும் திரீ சிஸ்டர்ஸ் ஊற்றில் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை. மேலே மிதந்து பார்க்கலாம், அவ்வளவே.

நம் கரையின் மூழ்கும் தொழிலுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை உண்டே, அந்த மரபின் தொடர்ச்சியாக இந்த ஸ்கூபாப் பயணத்தையும் கொள்ளலாமே என்று ஒருவர் வாதிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொழில் நடந்த விதம் இதற்கு இடம் தரவில்லை. முத்துக்குளித்தவர்கள் இறங்கிய பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்) மன்னார் வளைகுடாவில், பெரும்பாலும் கரையிலிருந்து பல மைல் தள்ளி, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில் இருந்தன. காலில் கல், இடுப்பில் கயிறு, மேலே தோணியில் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள். ஒரு மூச்சில் சுமார் ஒரு நிமிடம். அவர்களுடைய பயமெல்லாம் சுறாவின் மேல்தான். சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடக்கும்போது சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிக்குக் காலனி அரசே கூலி கொடுத்தது. ஆவுளியா மேய்வதோ கரையை ஒட்டிய ஆழமற்ற புல்தரையில். முத்தோ சங்கோ எடுக்கப் போனவருக்கு அங்கே அவ்வளவாக வேலை இல்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961-இல் முடிந்தது. அதுவரை அந்தத் தொழிலின் பாதையில் ஆவுளியா குறுக்கிடவே காரணம் இல்லை.

அப்படியானால் தமிழருக்கு ஆவுளியாவை யார் காட்டினார்கள்? வலைக்காரர்கள்தாம். 1560-இல் மன்னாருக்கு அருகே வலையில் ஏழு 'கடற்கன்னிகள்' சிக்கியதாகவும், கோவா வைசிராயின் மருத்துவர் அவற்றை அறுத்து ஆராய்ந்ததாகவும் ஒரு பழஞ்செய்தியை எமர்சன் டென்னன்ட் என்பவர் 1861-இல் வெளியிட்ட நூலில் எடுத்துச் சொல்கிறார். கன்னிகள் ஆவுளியாக்களே என்பதில் ஐயமில்லை. நான்கு நூற்றாண்டுக்குப் பிறகும் கதை மாறவில்லை: மீனுக்கு விரித்த வலையில் அது மாட்டும், மூச்சு வாங்க மேலே வர முடியாமல் சாகும், இறைச்சி நல்ல விலைக்குப் போகும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் சேர்த்த பின்னும் விற்பனை மறைவாகத் தொடர்ந்தது. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டு எடுத்துக்கொள்ளும் உயிர் இதை எத்தனை தலைமுறை தாங்கும்? இந்தியக் கடல்களில் இப்போது எஞ்சியவை சில நூறுகள் மட்டுமே. இன்று வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விடும் மீனவருக்கு வனத்துறை பரிசு தருகிறது. ஆவுளியாவைப் பற்றிய அறிவு இந்தக் கரையில் யாரிடம் இருக்கிறது என்பதை அரசும் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

சுற்றுலாப் பணம் வந்தால் அதே மீனவர் வயிறு நிறையுமே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். எகிப்தின் அபு தப்பாபில் முக்குளிப்போர் ஆவுளியாவைத் தேடிப் போகிறார்கள், உண்மைதான். ஆனால் செங்கடலின் தெளிவு பாக் விரிகுடாவுக்குக் கிடையாது. இங்கே கலங்கிய நீரில் பத்துப் பேர் சிலிண்டரோடு இறங்கினால், கூச்ச சுபாவமுள்ள, காது கூர்மையான விலங்கு குமிழிச் சத்தம் கேட்டதும் விலகிவிடும். பார்த்தவர் எவரும் இருக்கமாட்டார். புல்லை மிதித்தவர் பத்துப் பேர் இருப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்காக மேலே வந்தே தீரவேண்டிய உயிரைத் தேடி, நாம் எதற்காகக் கீழே போகிறோம்? மீனவர் காலங்காலமாகக் கண்டது படகிலிருந்துதான்; பணம் அவருக்குப் போக வேண்டுமானால், அவர் அறிந்த வழியிலேயே, இயந்திரத்தை நிறுத்திய வள்ளத்திலேயே அது போகட்டும். 2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தடையைச் சுமத்தும் தேசியப் பூங்காவாக இல்லாமல், மீன்பிடிப்பு தொடரும் காப்பகமாகவே அதை வகுத்தார்கள். பாகூரிலிருந்து போகும் குழுவுக்கு அங்கே வழிகாட்ட வேண்டியவர் ஸ்கூபா பயிற்சியாளர் அல்லர், சேதுபாவாசத்திரத்திலோ கட்டுமாவடியிலோ வலை விரிப்பவர்.