பாய்லர்காரர் எழுதிய குறிப்பு

மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது, மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எப்படியும் நாலு பேர் எழுதிவிடுவார்கள். அதனால் ஒரு பாய்லர்காரரின் கதையைச் சொல்கிறேன். மெக்கானிக்கல்காரன் வேறு என்ன சொல்வான் என்று சிரிக்காதீர்கள். குழந்தைகள் மனநல மருத்துவம் வளர்ந்த வரலாற்றில் இது ஒரு முக்கியமான அத்தியாயம்.

1941-ஆம் ஆண்டு. லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். வீடிழந்த குழந்தைகளுக்காக, சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்டு ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் காப்பகங்கள் நடத்தினார். அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர், போரில் ஆயுதம் எடுக்க மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்தவர். பாய்லரைக் கவனிப்பதும் ரிப்பேர் பார்ப்பதும் அவர் வேலை.

அந்தக் காப்பகத்தில் ஒரு விதி இருந்தது. என்ன வேலை பார்ப்பவராக இருந்தாலும், குழந்தைகளிடம் கண்டதை அட்டையில் எழுதிவைக்க வேண்டும். பாய்லர்காரரும் எழுதினார். நாம் லேபில் ரீடிங் எழுதுவது போலத்தான். ஒரே வித்தியாசம், நாம் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினோம். அவர் குழந்தையைப் பார்த்து எழுதினார்!

போர் முடிந்ததும் ராபர்ட்சன் படித்து மனநல சமூகப் பணியாளர் ஆனார். 1948-இல் டாவிஸ்டாக் கிளினிக்கில் குழந்தை மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் சேர்ந்தார். ஆஸ்பத்திரி வார்டில் தாயைப் பிரிந்து கிடக்கும் சிறு குழந்தைகளைக் கவனிப்பதுதான் வேலை.

அன்று பல ஆங்கில ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் நினைத்தபோது வந்து பிள்ளையைப் பார்க்க முடியாது. வாரத்தில் ஒரு நாள், சில இடங்களில் அதுவும் இல்லை. நோய் தொற்றும் என்பது ஒரு காரணம். அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

அந்தச் "சமர்த்தை"த்தான் ராபர்ட்சன் சந்தேகப்பட்டார். அவர் கண்டது மூன்று கட்டங்கள். முதலில் குழந்தை அழுது போராடுகிறது. பிறகு நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது. கடைசியில் அம்மாவே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வார்டில் சத்தம் அடங்கியதற்குக் காரணம் குழந்தை தேறியது அல்ல, மனசு விட்டுப்போனதுதான்.

சொன்னார், யாரும் ஏற்கவில்லை. சரி, கண்ணாலேயே பார்க்கட்டும் என்று சினிமா கேமரா ஒன்றை வாங்கினார். தொப்புள் குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த லாரா என்ற இரண்டு வயது ஐந்து மாதக் குழந்தையைப் படம் எடுத்தார். வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்தான் என்று யாரும் சொல்லக்கூடாதே! அதனால் தினமும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி எடுத்தார். லாரா அதிகம் அழவில்லை. ஆனால் வீட்டுக்குப் புறப்படும்போது, அம்மாவின் கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள்.

1952-இல் லண்டன் மருத்துவர்கள் முன்னால் படம் ஓடியது. கிடைத்தது கோபம்தான். ஆஸ்பத்திரிகளை அவமானப்படுத்துகிறார் என்றார்கள். ஏழு வருஷம் கழித்து, 1959-இல் அரசு நியமித்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தைகளோடு தாயும் தங்க இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் கதவுகள் மெதுவாகத்தான் திறந்தன.

நம் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தையின் கட்டிலடியில் அம்மா பாய் விரித்துப் படுத்திருப்பதைப் பார்த்து, வசதியில்லாத இடம் என்று நினைத்தவன் நான். இதைப் படித்த பிறகு அந்தப் பாய் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

இதை ஏன் நம் மலரில் எழுதுகிறேன்? முதல் வருஷம் ஹாஸ்டலில் எங்கள் அறையில் நாலு பேர். மூன்று பேர் முதல் வாரம் முழுக்க அழுதோம், காயின் போன் வரிசையில் நின்றோம். நாலாமவன் அழவே இல்லை. "அவனைப் பாருங்கடா, எவ்வளவு தைரியமா இருக்கான்" என்று நாங்களே பேசிக்கொண்டோம். கொஞ்ச நாளில் மெஸ்ஸுக்கு வருவதைக் குறைத்தான். பேச்சும் குறைந்தது. படிக்கிறான் என்று நினைத்தோம். பொங்கல் லீவுக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் அப்பா வந்து பெட்டியை எடுத்துப் போனார். ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு போய் வைத்தவன் நான். அவனுக்கு என்ன ஆச்சு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. நாலு மாசம் பக்கத்துக் கட்டிலில் இருந்தும், அவனைப் பற்றி ஒரு அட்டை அளவுக்குக்கூட என்னால் எழுத முடியாது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, மருத்துவம் செய்வது நம் வேலை இல்லை. கவனிப்பது நம் வேலை. சத்தம் போடுகிறவனை ஊரே கவனிக்கும். சத்தம் அடங்கினவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். கை மீறினால் 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது, கூப்பிடுங்கள். பாய்லர்காரரால் முடிந்தது நம்மாலும் முடியும்.

எங்கள் அறையின் நாலாவது ஆள் பெயர் சங்கத்தின் பட்டியலில் இல்லை. டிகிரி வாங்கினால்தானே பட்டியல்! அவன் முகவரி தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கு நானே நேரில் போய் அழைக்க வேண்டும்.