வெள்ளத்தில் மிரண்ட நாய்



நல்லா இருந்த காவல் நாய் திடீரென்று மிரண்டு, ஆளைக் கண்டால் உறுமுகிறதா? "வளர்ந்த நாய், இனிமே திருந்தாது" என்று பலர் கம்பை எடுப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள், ஒரு பழைய சங்கதி சொல்கிறேன்.

ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். தீனிக்கு முன்னால் தினமும் ஒரு சத்தம் கொடுத்து வந்தால், பிறகு அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினார். செம்புச் சத்தம் கேட்டதும் பசு பாலை இறக்குகிறதே, அது மாதிரிதான்.

1924 செப்டம்பர் 23-ந் தேதி லெனின்கிராடு நகருக்குள் பெருவெள்ளம் புகுந்தது. நாய்க் கொட்டடி ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கால் மைல் தள்ளி இருந்தது. புயல் வீச, மரங்கள் முறிந்து விழ, நாய்களைச் சிறு சிறு கூட்டமாக நீந்த வைத்துக் கரை சேர்த்தார்கள். உயிர் பிழைத்தன. ஆனால் ஒரு வாரம் கழித்து, நன்கு பழகிய நாய் ஒன்று நிலைகொள்ளாமல் தவித்தது. பழகினதெல்லாம் போச்சு. தீனியைக்கூடத் தொடவில்லை.

அடித்துத் திருத்தவில்லை. வழக்கமாக அடுத்த அறையில் இருக்கும் ஆராய்ச்சியாளர், நாயோடு அதே அறையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்! நாய் தின்றது, பழைய பழக்கம் திரும்பியது. அவர் வெளியே போனால் மறுபடி குலைந்தது. பொறுமையாகத் தொடர, வாரக்கணக்கில் மெல்லத் தேறியது.

அதன் பிறகு கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை ஒழுக விட்டுப் பார்த்தார்கள். அந்தச் சிறு நீரைக் கண்டதுமே நாய் பதறி, பழையபடி எல்லாம் கலைந்துவிட்டது. பயம் ஆறினாலும் அடியோடு அழியாது, பார்த்தீர்களா?

உங்கள் நாய் எதைக் கண்டு மிரள்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கம்படி பட்ட நாய், மண்வெட்டியோடு வருகிறவரையும் பார்த்து உறுமும். அதை மேலும் அடித்தால் பயம்தான் ஏறும். ஒன்று மட்டும் கவனம்: குணம் திடீரென்று மாறி, எச்சில் வடிந்து, கண்டதையெல்லாம் கடித்தால் வெறிநோயாக இருக்கலாம். கிட்டே போகாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றபடி, மண்வெட்டிக்காரரைத் தூரத்தில் நிற்க வைத்து, நீங்கள் நாயின் பக்கத்தில் இருந்து தீனி போடுங்கள். நாய் சாவதானமாகத் தின்றால் மறுநாள் அவர் நாலு அடி கிட்டே வரட்டும். காதை மடக்கி, வாலை இடுக்கினால் அவர் பழைய இடத்துக்கே போய்விடட்டும்.