தங்கவயலுக்கு ஒரு ஓஎஸ் வந்து சேரும் வழி

2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு கோலார் தங்கவயலின் பிழைப்பு ரயிலேறிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை வண்டிகளில் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு வித்தை உண்டு. பெரிய அலுவலகங்களில் இப்போது பென்டிரைவோடு மேசை மேசையாக அலைந்து யாரும் ஓஎஸ் போடுவதில்லை. கணினியைக் கம்பியில் இணைத்து சுவிட்சைத் தட்டினால் மீதி தானாக நடக்கிறது. இந்த வித்தைக்குக் காசு வேண்டாம். ஆனாலும் ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கு இது பெரும்பாலும் வந்து சேரவில்லை என்பதுதான் என் குறை.

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கு இருபது பழைய கணினிகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. நன்றாக ஓடக்கூடிய பல கணினிகள் அதனால் அலுவலகங்களுக்கு வேண்டாதவையாகிவிட்டன. இந்த இருபதும் அப்படி வந்தவை. வட்டுகள் வெறுமையாக இருக்கின்றன. பள்ளியில் கணினி தெரிந்த ஆசிரியர் ஒரே ஒருவர்தான்.

அங்கே போய்ச் சேரப்போவது டெபியன் லினக்ஸ். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்து வருவது. நம்மவர்களுக்கு இது அந்நியமும் அல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இதன் வழிவந்ததுதான். தமிழ்நாடு அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது.

ஆசிரியர் இருபதில் ஒன்றை சர்வராக்கி, மற்ற பத்தொன்பதையும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாக அதனோடு இணைக்கிறார். முதல் கணினியை இயக்குகிறார். வட்டில் எதுவும் இல்லாததால் கணினிக்குத் தன் பெயரோ முகவரியோ தெரியாது. ஆனால் அதன் நெட்வொர்க் கார்டுக்குள் ஒரு சிறு நிரல் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பிஎக்ஸ்இ என்று இன்டெல் 1990-களின் கடைசியில் வகுத்த முறை அது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஓடிய நாட்களில் அதன் அடியில் நின்றவர் மணியடித்தார். அடித்த எண்ணிக்கையைக் கேட்டு, மேலே வைண்டிங் இன்ஜின் ஓட்டுநர் கேஜ் என்ற கூண்டை ஏற்றினார், இறக்கினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையிருக்கவில்லை. இந்தக் கணினியும் அப்படித்தான் கம்பியில் ஒரு குரல் கொடுக்கிறது: யாராவது எனக்கு முகவரி தாருங்கள். சர்வரில் இருக்கும், முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவை அதைக் கேட்டு, முகவரியோடு இரண்டு தகவல்களையும் சேர்த்து அனுப்புகிறது. எந்தச் சர்வரிடம் போக வேண்டும், எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பவையே அவை.

அந்தக் கோப்பைக் கொண்டுவருவது டிஎஃப்டிபி. கேரன் சாலின்ஸ் 1981-இல் எழுதிவைத்த நெறிமுறை. இதைவிட எளிமையாக ஒன்றைச் செய்ய முடியுமா என்று எனக்கு இன்றும் வியப்புதான். 512 பைட் அனுப்பும். "வந்தது" என்று பதில் கிடைத்தால்தான் அடுத்த 512 பைட் கிளம்பும். கடவுச்சொல்லும் கிடையாது, கோப்புகளின் பட்டியலும் கிடையாது. வேகம் குறைவுதான். ஆனால் கார்டில் இருக்கும் துளி நினைவகத்துக்குள் அடங்குகிற அளவுக்குச் சிறியது என்பதால் நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் வேலை செய்கிறது. இப்படி வந்த சிறு நிரல், லினக்ஸின் மையமான கெர்னலையும், அதை வட்டில் பதிக்கும் நிறுவியையும் வரவழைக்கிறது. இதுவரை எல்லாமே ரேமில்தான் நடக்கிறது. வட்டில் இன்னும் ஓர் எழுத்துகூட விழவில்லை.

இனித்தான் நிறுவி கேள்விகளை ஆரம்பிக்கும். எந்த மொழி? எந்த நேர மண்டலம்? வட்டை எப்படிப் பிரிப்பது? பயனர் பெயர் என்ன? கையால் செய்கிறவர் இருபது கணினிக்கும் இருபது முறை இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஐந்தாவதில் கவனம் பிசகும், பதினொன்றாவதில் அலுத்துப்போகும். கடைசியில் இருபது கணினியும் இருபது விதமாக நிற்கும். தானியங்கி முறையில் எல்லாப் பதில்களும் முன்கூட்டியே ஒரே கோப்பில் இருக்கின்றன. டெபியனில் அதற்கு ப்ரீசீட் என்று பெயர்; ரெட் ஹேட் அதையே கிக்ஸ்டார்ட் என்றது; அதற்கும் முன்பே சன் நிறுவனம் ஜம்ப்ஸ்டார்ட் வைத்திருந்தது. நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புதான். இதன் பெருமை வேகத்தில் இல்லை என்பேன். ஆய்வகம் எப்படி அமைக்கப்பட்டது என்பது எழுத்தில் இருக்கிறது. அமைத்த ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருகிறவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். தமிழ் விசைப்பலகை வேண்டுமென்றால் ஒரே ஒரு இடத்தில் சேர்த்தால் போதும், பத்தொன்பதிலும் வந்துவிடும்.

பதில்கள் கிடைத்ததும் நிறுவி வட்டைப் பிரித்து, மென்பொருள் பொதிகளை இறக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக இணையத்துக்குப் போனால் பள்ளியின் இணைப்பு திணறிவிடும். அதனால் சர்வரிலேயே ஒரு கேஷ் வைப்பார்கள். முதல் கணினி கேட்டபோது வெளியிலிருந்து வந்த பொதி, மற்றவற்றுக்கு அறைக்குள்ளேயே கிடைத்துவிடும். பொதிப் பட்டியலில் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால், நடுவில் யாராவது மாற்றியிருந்தால் நிறுவி மறுத்துவிடும். கடைசியாக, கணினியை வட்டிலிருந்து எழுப்பும் பூட்லோடர் அதில் எழுதப்படுகிறது; கணினி தானாக அணைந்து எழுந்திருக்கிறது. இம்முறை அதற்குப் பெயர் இருக்கிறது.

ஒரு கணினியை முழுக்கத் தயார்செய்து அப்படியே மற்றவற்றில் நகலெடுக்கும் வழியும் உண்டு. தைவானில் உருவான குளோன்சில்லா அதற்குப் பேர்போனது. நகல்களெல்லாம் ஒரே அடையாள எண்ணோடு பிறந்துவிடும் என்பதால், அதைத் தனியாக மாற்ற வேண்டியிருக்கும்.

ஓரிடத்தில் செய்தது எல்லா இடத்துக்கும் போகும் என்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2024 ஜூலை 19-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விழுந்த கணினிகளை எழுப்ப மைக்ரோசாஃப்ட் கொடுத்த மீட்புக் கருவியில் பிஎக்ஸ்இ வழியும் இருந்தது. வட்டிலிருந்து எழ முடியாத கணினியும் கம்பி வழியாக எழும் என்பதை அந்த வாரம் பலர் கற்றுக்கொண்டார்கள்.

தங்கவயல் ரயிலில் போய்வரும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் இது தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் படித்த பள்ளிக்குக் கொடுங்கள். ஒரு சர்வர், ஒரு பதில் கோப்பு, அதன் அச்சுப் பிரதி ஒன்று தலைமையாசிரியர் மேசையில். இவ்வளவு இருந்தால் போதும், எந்தக் கணினி கெட்டாலும் அவர்களே எழுப்பிக்கொள்வார்கள். ஆனால் ஆய்வகத்தின் ஸ்விட்சைப் பள்ளி அலுவலகத்தின் நெட்வொர்க்கோடு சேர்க்காதீர்கள். அங்கே நெட்வொர்க்கிலிருந்து எழும்படி விடப்பட்ட கணினி ஏதாவது இருந்தால் அதுவும் அழிந்துபோகும். தொடங்குவதற்கு முன் மாணவர்களின் கோப்புகள் ஏதாவது வட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, வேறிடத்தில் எடுத்து வையுங்கள். தானாக நடக்கும் நிறுவல் அழிக்கும்முன் யாரையும் கேட்காது.